சந்திரிகாவின் மகள் எழுதிய ஆய்வு

பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவரும் பரீட்சை எழுதாமலே எல்லோரும் தேறிய வருடத்தில் தேறியவள் சுபிதா. கொரோனாவின் இரண்டாம் அலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சிதறால் மலைக்கு அந்தப்புறம், ரப்பர் மரங்களுக்குள் மறைந்து கிடக்கும் அவளுடைய ஊரில் அந்த வருடம் பள்ளியை முடித்த பெண்பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் நர்சிங் சேர்ந்தார்கள். சுபிதாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் அவள் மட்டும் பேருந்து ஏறி, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துகிற ஒரு கல்லூரியில் போய் வரிசையில் நின்றாள். பி.காம். நிரம்பிவிட்டது. ஆங்கிலமும் நிரம்பிவிட்டது. கணினி அறிவியலுக்கு அவள் மதிப்பெண் எட்டவில்லை. விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "எக்கனாமிக்ஸ்ல இடம் கெடக்கு, வேணுமா?" என்று கேட்டார்.

வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் படித்தவளுக்கு அந்தப் பாடம் என்ன சொல்லும் என்பதே தெரியாது.

வீட்டில் அம்மா சந்திரிகா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அது படிச்சா என்ன ஜோலி கிட்டும் மக்கா?" என்று கேட்டாள்.

"பேங்கில கிட்டும்" என்றாள் சுபிதா, வாய்க்கு வந்ததை.

"பேங்குன்னா கொள்ளாம்" என்று அம்மா திருப்தியானாள்.

சந்திரிகா இருபது வருடமாக அண்டியாபீஸில் வேலை பார்த்தாள். முந்திரிப்பருப்பு ஆலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வறுத்த கொட்டையை மரச்சுத்தியலால் தட்டி ஓடு பிளந்து, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்ட இடம் வெந்து கறுத்து உரியும். கூலி கிலோ கணக்கு. முழுப்பருப்புக்கு ஒரு கூலி, உடைந்ததற்குப் பாதி. அப்பா ராஜகுமார் பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். மழை பிடித்தால் அவருக்கு மாதக்கணக்கில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது அண்டியாபீஸ் கூலியில்தான்.

முதல் வருடம் சுபிதா கல்லூரியில் ஊமையாக இருந்தாள். வகுப்பில் மொத்தமே பதினேழு பேர். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. இறுதிநிலைப் பயன்பாடு, நெகிழ்ச்சி என்று தமிழில் சொன்னாலும் புரியாது, ஆங்கிலத்தில் சொன்னாலும் புரியாது. புள்ளியியல் தாளில் மட்டும் நல்ல மதிப்பெண் வந்தது, அது கணக்கு என்பதால். பாதிப் பேரைப் போல அவளும் வருகைப் பதிவுக்காகவே போய்வந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் வருடம் ஒரு புதன்கிழமை அது மாறியது. வேலைகொடுப்பவர் ஒரே ஒருவராக இருக்கிற சந்தையில் கூலி எப்படித் தீர்மானமாகும் என்று ஆசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தொழிலாளிக்குப் போக வேறு இடம் இல்லையென்றால், அவளுடைய உழைப்பின் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் கூலி அதற்குக் கீழேதான் நிற்கும். எவ்வளவு கீழே என்பதையும் கணக்கிடலாம். சுபிதா எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலை கிடையாது. இருந்த இரண்டையும் முன்பே மூடிவிட்டார்கள்.

அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு அந்தப் படத்தை வரைந்து காட்டினாள்.

சந்திரிகா குனிந்து பார்த்தாள். "இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

சுபிதா பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"இம்புட்டுக் கீழயா!" என்று சந்திரிகா சிரித்தாள். பிறகு, "மேல கெடக்க கோடு ஆருக்கு?" என்று கேட்டாள்.

"அதும் ஒனக்குள்ளதுதான் அம்மா. நீ செய்யுத ஜோலிக்கு உள்ள மதிப்பு."

சந்திரிகா இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய் மீன்சட்டியை இறக்கினாள். சுபிதாவுக்கு அன்று முதல் படிப்பு பிடித்துவிட்டது. நூலகத்தில் கடைசி மணி அடிக்கும் வரை இருந்தாள். ஆங்கிலம் தெரியாத இடங்களில் அகராதியை வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக உடைத்துப் படித்தாள். ஐந்தாம் பருவத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

மூன்றாம் வருடம் எல்லோரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பழைய மாணவர்கள் எழுதியதை வாங்கி ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். சுபிதா மட்டும் தன் அம்மா வேலை பார்க்கும் ஆலையின் பெண்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னாள். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் சுயம்புலிங்கம். நாற்பத்தொரு வயது, முனைவர் பட்டம் வாங்கிப் பத்து வருடம் ஆகியும் நிரந்தரம் ஆகாத கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் தன்னை மறுபடி எடுப்பார்களா என்று காத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் வேலை நிலைக்க, ஆய்விதழில் ஒரு வெளியீடு அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

"நேரா பேக்டரிக்குப் போகாதம்மா. லீவு நாள்ல அவங்க வீட்டுக்குப் போய்க் கேளு" என்றார். அது சரியான யோசனை.

ஆலையில் அறுபத்துநான்கு பெண்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை நடந்து ஐம்பத்தெட்டுப் பேரைப் பார்த்தாள். வினாப்பட்டியலில் நாற்பத்திரண்டு கேள்விகள். அம்மாவோடு வேலை பார்ப்பவர்கள் என்பதால் யாரும் கதவைச் சாத்தவில்லை. பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "என்னவாக்கும் கேக்கப்போற, கேளு" என்று உட்கார்ந்தார்கள். ஒரு நாளில் எத்தனை மணிக்கூர் குந்தியிருப்பீர்கள், முதுகு வலி உண்டா, எடை போடுகிறபோது பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா என்று கேட்டாள். "விடுமுறை நாளில் உங்களுக்கென்று என்ன செய்வீர்கள்" என்பது முப்பத்தேழாவது கேள்வி. அதைக் கேட்டதும் ஒரு பெண் பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்தாள். அந்தக் கட்டத்தில் சுபிதா எதுவும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

நிறையப் பேசியவள் பகவதியம்மாள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு வருடமாக ஓடு உடைக்கிறவள். புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. மூன்று பெண்பிள்ளைகள்; கடைசிப் பெண் அஸ்வதி, சுபிதாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். நர்சிங்குக்குப் போன எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. பகவதியம்மாளின் இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்காது. எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் இறுகி, இரண்டும் குச்சி போல நீட்டிக்கொண்டு நிற்கும்.

"ஈரக் கழிவுன்னு நித்தமும் ஒரு கிலோவுக்கு இம்புட்டுன்னு பிடிப்பாவ பிள்ளே. மழைக்காலத்துல பிடிச்சா செரி. மேட மாசத்து வெயில்ல எங்க இருந்து வருகு ஈரம்?" என்றாள். "மாசம் முச்சூடும் வந்தாலும் வருகைப் புக்கில பன்னெண்டு நாளுதான் ஏறும். கேட்டா, ஒனக்கு இஷ்டமில்லன்னா வராண்டாம்னு சொல்லுவாவ. எழுது. எல்லாத்தையும் எழுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்க பேரு வராதுல்லா?" என்று கேட்டாள்.

"வராது மாமி. சத்தியமா வராது."

சுபிதா அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். ஒரு பெயர்கூட எங்கேயும் எழுதவில்லை. ஆலையின் பெயரையும் எழுதவில்லை. "மேற்கு வட்டாரத்தில் ஓர் ஆலை" என்று மட்டும் போட்டாள். அட்டவணைகள் இருபத்தொன்று. உழைப்பின் மதிப்புக்கும் கொடுக்கும் கூலிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையின் விலை ஏறுவதையும், இயந்திரம் வைத்து உடைக்கும் ஆலைகள் வேறு மாநிலங்களில் பெருகுவதையும் எழுதி, இந்தத் தொழில் இங்கே நெடுநாள் நிற்காது என்றும் சொல்லியிருந்தாள்.

சுயம்புலிங்கம் முழுவதும் படித்துவிட்டு, "அருமையா இருக்கு. ஆனா டேபிள் யாரு வேணாலும் போடுவாங்க. உசிரு வேணும்மா. ரெண்டு மூணு பேரோட கதைய உள்ள கொண்டுவா. பேரு போடாம" என்றார்.

அப்படித்தான் மூன்று பெண்களின் விவரம் கட்டுரைக்குள் வந்தது. மூன்றாவது இப்படித் தொடங்கியது: "ப. என்பவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு ஆண்டுகளாக ஓடு உடைக்கும் இவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை." எழுதி முடித்து வாசித்தபோது சுபிதாவுக்கே ஒரு கணம் நெருடியது. விரலை எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் கட்டுரை முழுவதிலும் அதுதான் நல்ல வாக்கியமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

இதைப் பின்னாளில் அவள் தன்னிடம் பலமுறை சொல்லிக்கொண்டாள். தெரியாமல் செய்ததில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் செய்தாள்.

பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தாள். கைதட்டினார்கள். சுயம்புலிங்கத்தின் நண்பர் ஒருவர் பத்திரிகையில் மாவட்டச் செய்திகள் எழுதுகிறவர். அவர் கட்டுரையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை பத்திரிகையில் கால் பக்கத்துக்குச் செய்தி வந்தது. முந்திரி ஆலைப் பெண்களின் கூலியில் தினமும் பிடித்தம், மாணவி ஆய்வில் தகவல் என்று தலைப்பு. கீழே சுபிதாவும் சுயம்புலிங்கமும் நிற்கும் படம். மூன்றாவது பெண்ணின் விவரத்தை எழுத்து மாறாமல் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

ராஜகுமார் முக்குக் கடையில் நான்கு பிரதி வாங்கி வந்தார். வாழ்க்கையில் மகளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், அன்று படத்தை விரலால் நீவிவிட்டு, "கொள்ளாம், நல்லா வந்திருக்கு" என்றார். சந்திரிகா ஒரு பிரதியை மடித்துத் தூக்குவாளியோடு பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

உச்சச் சோற்று நேரத்தில் அதை எடுத்துக் காட்டினாள். பெண்கள் எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சுற்றி நின்று பார்த்தார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசித்தாள். கட்டம் கட்டியிருந்த பகுதிக்கு வந்ததும் அவள் குரல் இறங்கி நின்றுவிட்டது. எல்லோரும் பகவதியம்மாளைப் பார்த்தார்கள். பகவதியம்மாள் தன் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் மூன்று மணிக்குப் பகவதியம்மாளைக் கூப்பிட்டார். அவர் மேசையிலும் அதே பத்திரிகை கிடந்தது. சந்திரிகா கொண்டுபோயிருக்காவிட்டாலும் அது அங்கே வந்திருக்கும். "இது நீதானா?" என்று கேட்டார். பகவதியம்மாள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. எடைக்கல்லைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஈரக் கழிவு பிடிக்கவில்லை. பெண்கள் கையில் வாழ்நாளில் பார்க்காத கூலி கிடைத்தது. சிலர் வழியில் சுபிதாவைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாதம் மட்டும் அவளும் பகவதியம்மாளுக்கு மறுபடி வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நம்பினாள். யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்து, வெள்ளைத்தாளில் எழுதிக்கூட வைத்திருந்தாள்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி தேர்தலுக்காக விட்ட விடுமுறை முடிந்து மறுநாள் போனபோது ஆலையின் கதவில் பூட்டுத் தொங்கியது. பராமரிப்புக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். பெண்கள் உச்சி வரை வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். மே மாதம் இரண்டு லாரி வந்து கொதிகலனையும் உலர்த்தும் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போயின. ஆலை பிறகு திறக்கவே இல்லை.

சுயம்புலிங்கம் தொலைபேசியில் பேசினார். "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத சுபிதா. எப்படியும் பூட்டியிருப்பான். நீயே எழுதியிருக்கல்லா, ரெண்டாவது சாப்டர்ல? கொட்ட வெல, மெஷின்... இது இந்தத் தொழிலோட போக்கு. நீ காரணமில்ல."

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையை அவரைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். ஆலை எப்படியும் போயிருக்கும். இரண்டு வருடத்திலோ மூன்று வருடத்திலோ. ஆனால் ரேஷன் கடை வரிசையில் தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்ணிடம் ஆப்பிரிக்கக் கொட்டையின் விலையைப் பற்றி என்ன பேசுவது? ஒரு நாள் அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கும் மக்கா" என்றாள் சந்திரிகா. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா ரெண்டு வருசம் கழிஞ்சு பூட்டினா, அதுக்குள்ள அவளுக்க பிள்ள படிச்சு முடிச்சிருக்கும்லா."

அவள் குறிப்பிட்டது பகவதியம்மாளின் மகள் அஸ்வதியை. மூன்றாம் வருடப் பாதியோடு அஸ்வதி நர்சிங்கை விட்டுவிட்டாள். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் வேலை. ஒருமுறை பேருந்தில் சுபிதா அவளுக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அஸ்வதி எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க நின்ற கால், வீடு வரை நின்றுகொண்டே போனது.

சந்திரிகாவும் மற்றப் பெண்களும் நூறுநாள் வேலைக்குப் போனார்கள். ஓடை தூர்வாரும் இடத்தில் மதியம் எல்லோரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால், சந்திரிகா கொஞ்சம் தள்ளி வேறு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மகளிடம் இதை அவள் சொன்னதே கிடையாது. ராஜகுமார் ஒருநாள் அந்த வழியே போனவர் பார்த்துவிட்டு வந்து, சுபிதாவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்றே சுபிதா பகவதியம்மாளின் வீட்டுக்குப் போனாள். ஜூன் மாதத்து மழை. பகவதியம்மாள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயே தங்க வேண்டும், மாதம் ஒருமுறை ஊருக்கு வரலாம்.

"மாமி" என்று வாசலிலேயே நின்றாள் சுபிதா.

"உள்ள வா. நனையாத."

உள்ளே போனாள். "நான் பேரு போடல மாமி" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு மோசமான வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது.

"போடல்ல. நீ சொன்ன சொல்லுக்கு நின்ன." பகவதியம்மாள் ஒரு சேலையை நெஞ்சோடு வைத்து மடித்தாள். மடங்காத இரண்டு விரலும் துணிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. "நீ பொய்யும் ஒண்ணும் எழுதல்ல பிள்ளே. அதாக்கும் எனக்குள்ள சங்கடம். பொய்யா இருந்தா, இல்லன்னு மேனேஜருக்க மொகத்தப் பாத்துச் சொல்லியிருப்பேன். நெசத்த எப்படி இல்லன்னு சொல்லுகது?"

சுபிதா அழுதாள்.

"நீ அழுதா எனக்கு என்ன ஆவும்?" என்றாள் பகவதியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீ எறங்கு, நான் கதவப் பூட்டணும்."

கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, குடையில்லாமல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் இறக்கத்தில் போனாள். சுபிதா பையை வாங்கக் கை நீட்டினாள். பகவதியம்மாள் கொடுக்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது. பல்கலைக்கழக அளவில் நான்காம் இடம். சென்னையில் எம்.ஏ. படிக்க இடமும் கிடைத்தது. சுபிதா போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், அம்மாவுக்கு வேலை இல்லாதபோது விடுதியில் போய் எப்படி இருப்பது என்றாள். அது பொய்யில்லை. ஆனால் வேறொன்றும் உண்டு. பாடப்புத்தகத்தைத் திறந்து உற்பத்திக் காரணிகள் என்று இரண்டு வரி படித்தால் அதற்கு மேல் கண் ஓடாது. பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. சான்றிதழ் பழுப்பு உறையில் தபாலில் வந்தது. ராஜகுமார் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே பீரோவில் வைத்தார்.

கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளியானது. முதல் பெயர் சுயம்புலிங்கம், இரண்டாவது சுபிதா. அடுத்த ஜூனில் அவரைக் கல்லூரியில் மறுபடி எடுக்கவில்லை. வெளியீடு இருக்கிறது என்று அவர் எல்லாக் கதவையும் தட்டினார், பயனில்லை. இப்போது நாகர்கோவிலில் ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில் பொது அறிவு சொல்லிக்கொடுக்கிறார்.

சந்திரிகாவுக்கு இருபது வருடம் கற்ற வேலையைத் தவிர வேறு எதுவும் கை படியவில்லை. விடியுமுன் வந்து நிற்கும் ஒரு வேனில் ஏறி மாநில எல்லை தாண்டிப் போய், அங்கே ஓர் அண்டியாபீஸில் ஓடு உடைக்கிறாள். போக வர நாலரை மணிக்கூர். வேனில் அவளோடு பழைய ஆட்கள் ஆறு பேர் போகிறார்கள். நான்கு மாதம் கழித்து அதில் ஒருத்தி, "சந்திரிகா, இஞ்ச வந்து இரி" என்று பக்கத்தில் இடம் விட்டாள். அன்று இரவு அதை மட்டும் அவள் மகளிடம் சொன்னாள்.

சுபிதா இப்போது குடும்ப விவரம் சேகரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வீடு வீடாகப் போய் அறுபத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து வீடு. பி.ஏ. எக்கனாமிக்ஸ் படித்தவர்களை முன்னுரிமை கொடுத்து எடுத்தார்கள். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். யாரிடமும் அவள் சத்தியம் செய்வதில்லை.

சென்ற மார்ச்சில் தேங்காய்ப்பட்டணத்தில் ஷாஜிதா பேகம் என்கிற ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஓட்டு வீடு. எல்லாக் கேள்விக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவள், குடும்பத்தில் யாராவது வேலை இழந்ததுண்டா என்ற கேள்வியில் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மகன் சுஹைல் அரபு நாட்டில் தம்மாமில் ஒரு கடையில் இருந்தான். கடைக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டான். இப்போது ஒளிந்து ஒளிந்து வேறெங்கோ கூலிவேலை செய்கிறான். அவனைக் கொண்டுபோய் விட்ட ஏஜென்ட் இதே தெருவில்தான் இருக்கிறான்.

சுபிதா திரையிலிருந்து கையை எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? இத நான் இதுல ஏத்தினா, ஒங்க பேரு வெளிய வராது. ஆனா இந்தத் தெருவுல பாஸ்போர்ட் போன பையன் எத்தன பேரு உண்டு?"

ஷாஜிதா பேகம் வாசல் பக்கம் பார்த்தாள். "எனக்க மவன் மட்டுந்தான்."

"அப்பம் வாசிக்கியவங்களுக்கு மனசிலாவும்."

"எழுதினா அவன் திரும்பி வர வழி உண்டா?"

"தெரியாது அக்கா. நான் இருக்கும்னு சொல்லமாட்டேன்."

ஷாஜிதா பேகம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். வெளியே ஐஸ் ஏற்றிய வண்டி ஒன்று தண்ணீர் ஒழுக்கிக்கொண்டு போனது.

"எழுதாண்டாம்" என்றாள்.

சுபிதா 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். அந்த வீட்டில் வேலை இழந்தவர் ஒருவரும் இல்லை என்று கணக்கு ஏறிக்கொண்டது. அது பொய் என்று தெரிந்துதான் செய்தாள். அடுத்த கேள்வி, வீட்டில் குடிநீர் எங்கிருந்து கிடைக்கிறது என்பது. அதைக் கேட்டாள். ஷாஜிதா பேகம் குழாயைக் கை காட்டினாள். பிறகு இன்னும் இருபது கேள்வி. எல்லாம் முடிந்து எழுந்தபோது, "இரி பிள்ளே, ஒரு சாயா குடிச்சிட்டுப் போ" என்றாள் ஷாஜிதா பேகம். வேண்டாம் அக்கா, இன்னும் ஆறு வீடு இருக்கு என்று சொல்லிவிட்டு சுபிதா வெயிலில் இறங்கி அடுத்த வாசலுக்குப் போனாள்.